மிளகு கேரட் தின்ன 14 வாரம்

மிளகு எங்கள் வீட்டுக் காக்டீல், கொண்டை வைத்த சின்னக் கிளி வகை. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சு வட்டம், நாலு வயது ஆண். நிறத்தைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தோம், குணமும் அப்படித்தான் என்பது பிறகு தெரிந்தது. விதை மட்டுமே தின்று வளர்ந்த அவனைக் காய்கறிக்கும், சத்துகளைக் கலந்து சின்ன உருண்டைகளாகச் செய்து விற்கும் பெல்லட் தீனிக்கும் மாற்றிய கதை இது. எளிதாக முடியும் என்று நினைத்தேன். கிண்ணத்தில் இருப்பதை மாற்றினால் போதாதா, பசித்தால் தின்னமாட்டானா? தின்னமாட்டான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் ஆனது, அந்த மூன்று நாளில் அவனுக்கு ஏறக்குறைய ஆபத்தே வந்துவிட்டது.

ஒன்றரை வயதில் எங்களிடம் வந்தான். கொடுத்தவர் கூடவே ஒரு பை விதைக் கலவையும் கொடுத்து, "இவன் இதைத் தவிர வேற எதையும் தொடமாட்டான்" என்றார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு இரண்டரை வருடம் அதையே போட்டேன். அவனும் நன்றாகத்தான் இருந்தான், அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. விசிலடிப்பான், கண்ணாடியோடு சண்டை போடுவான். அப்புறம் ஒருநாள் தும்மல் தொடங்கியது. நாசித் துளையில் காய்ந்த பொருக்கு. அறையை இரண்டு சுற்றுப் பறந்துவிட்டு வந்து உட்கார்ந்தால் வாயைத் திறந்து மூச்சு வாங்குவான். சிறகில் மினுமினுப்பே இல்லை.

பறவைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோனேன். துண்டில் சுற்றிப் பிடித்து, அலகைத் திறந்து, மேலண்ணத்தை விளக்கு அடித்துக் காட்டினார். அங்கே நடுவில் ஒரு பிளவு இருக்கும், அதன் ஓரங்களில் சின்னச் சின்ன முள் போன்ற நுனிகள் வரிசையாக நிற்கவேண்டும். மிளகுக்கு அவை மழுங்கித் தேய்ந்திருந்தன. வைட்டமின் ஏ பல மாதமாகப் போதவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். வாய், மூக்கு, மூச்சுக்குழாய் இவற்றின் உள்தோல் ஈரமாக, மென்மையாக இருப்பதற்கு அந்த வைட்டமின் வேண்டும். அது குறைந்தால் தோல் தடித்து வறண்டு, கிருமி உள்ளே வர வழி கிடைத்துவிடும். அடுத்து மார்பைத் தடவச் சொன்னார். நடுவில் இருக்கும் நெஞ்செலும்பின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படவேண்டும், தட்டுப்படவில்லை, இரண்டு பக்கமும் கொழுப்பு மேவியிருந்தது. எடை 112 கிராம். இவன் எலும்புக்கூட்டுக்கு 95லிருந்து 100 வரை இருந்தால் போதும் என்றார். குண்டாகவும் இருந்தான், சத்துக் குறைவாகவும் இருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, அவன் உண்மையில் என்ன தின்கிறான் என்று பார்த்தது. கிண்ணத்தைக் கழுவி, எடை போட்ட கலவையை வைத்து, மறுநாள் மிச்சத்தை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி, ஊதி உமியைப் பறக்கவிட்டு, மீதியை இடுக்கியால் பிரித்தேன். (வீட்டில் இருப்பவர்கள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம்.) கலவையில் தினை, சாமை, கேனரி விதை, ஓட்ஸ், சூரியகாந்தி, நிறம் போட்ட சில உருண்டைகள், காய்ந்த பழத் துண்டுகள் எல்லாம் இருந்தன. சூரியகாந்தி ஒன்றுகூட மிச்சமில்லை. தினை கொஞ்சம் போயிருந்தது. உருண்டைகளும் பழத்துண்டுகளும் போட்டபடியே இருந்தன. பையின் முன்பக்கத்தில் 'வைட்டமின் சேர்த்தது' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள், அந்த வைட்டமின் முழுக்க அவன் தொடாத உருண்டைகளிலும், அவன் உரித்துப் போடும் விதைத் தோலின் மேலும்தான் இருந்தது. ஆக, இரண்டரை வருடமாக நான் போட்டது என்னவோ கலவை, அவன் தின்றது சூரியகாந்தி. அந்தப் பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம், கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம்.

இந்த உமி விஷயத்தில் இன்னொரு பழைய தவறையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவன் வந்த புதிதில் ஒரு நாள் காலை கிண்ணம் நிறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வெளியே போய்விட்டேன். மாலையில் வந்தால் அவன் கிண்ணத்துக்குள்ளேயே நின்று கொண்டிருக்கிறான். விரலை விட்டுப் பார்த்தால் மேலே இருந்து அடிவரை வெறும் உமி. கிளிகள் விதையை உரித்து, தோலை அதே கிண்ணத்தில் போட்டுவிடும், மேலோட்டமாகப் பார்த்தால் விதை போலவே இருக்கும். நிறைந்த கிண்ணத்தின் முன்னால் பட்டினி கிடக்கும் பறவைகள் உண்டு. அன்றிலிருந்து பார்ப்பதற்கு முன் ஊதுவது பழக்கமாகிவிட்டது.

சரி, தராசு. இந்த வேலைக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்கவேண்டும் என்றால் ஒரு கிராம் சுத்தமாகக் காட்டும் டிஜிட்டல் சமையல் தராசை வாங்குங்கள். பறவை உடம்பு சரியில்லாததை முடிந்தவரை மறைக்கும், சிறகைச் சிலிர்த்துக்கொண்டு சோர்ந்து உட்காரும் நாள் வரும்போது காரியம் முற்றியிருக்கும். எடை அதற்கு முன்பே சொல்லிவிடும். நான் முதலில் தராசின் மேல் ஒரு ஜாண் உயரத்துக்கு டி வடிவக் கம்பு செய்து நிறுத்தினேன். அது ஆடியது, அவன் ஏறவே மறுத்தான். இரண்டாவது முறை உருளைக் கம்பு ஒன்றை விரல் உயரத்தில், கனமான மரப்பலகைத் துண்டின் மேல் திருகாணி போட்டு இறுக்கினேன். ஆடவில்லை. ஆனால் இப்போது தராசின் பொத்தான்கள் அவன் அலகுக்கு எட்டின, எண் நிலைக்கும் நேரத்தில் சரியாக அணைத்துவிடுவான். பொத்தான்களின் மேல் ஒரு அட்டையை மடித்து ஒட்டிய பிறகுதான் எடையே போட முடிந்தது. பலகையை வைத்துப் பூஜ்யமாக்கி, ஏறினால் ஒரு சின்னத் தினைத் துணுக்கு. நாலு நாளில் தானே ஏறப் பழகிவிட்டான்.

எடை பார்ப்பது தினமும் ஒரே நேரத்தில் இருக்கவேண்டும். காலையில், ராத்திரி அடக்கி வைத்திருந்த அந்தப் பெரிய முதல் எச்சம் போன பிறகு, தீனி வைப்பதற்கு முன். மாலையில் பார்த்தால் இரைப்பை நிறைந்திருக்கும், நாலைந்து கிராம் கூடக் காட்டும். நாளுக்கு நாள் இரண்டு கிராம் ஏறுவதும் இறங்குவதும் சாதாரணம். தொடங்கிய எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடவேண்டும். மிளகுக்கு அந்தக் கோடு 101 கிராம் என்று சுவரில் எழுதி ஒட்டினேன்.

ஒட்டிவிட்டு நான் செய்ததுதான் முட்டாள்தனம். விதையை மொத்தமாக எடுத்துவிட்டு, கிண்ணத்தில் பெல்லட், பக்கத்தில் கேரட் துண்டு, ஒரு கீரைக் கொத்து. முதல் நாள் 112. மறுநாள் காலை 109. கேரட்டைப் பார்த்துக் கொண்டையைத் தூக்கிக்கொண்டு கூண்டின் மறுகோடிக்குப் போய்விட்டான். பெல்லட்டை ஒன்று எடுத்துக் கடித்து, உடைத்து, கீழே போட்டான். நான் அதைத் தின்பதாக நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் 106. நாலாம் நாள் 103. கூண்டின் அடியில் விரித்த காகிதத்தைப் பார்த்தேன், எச்சம் சிறுத்துப்போய், கரும்பச்சையாக, அதைச் சுற்றி ஈரம் மட்டும். பறவை எச்சத்தில் மூன்று இருக்கும்: சாணம், வெள்ளையாக யூரேட் எனும் கெட்டிச் சிறுநீர்க் கழிவு, தெளிந்த நீர். இந்த முதல் பகுதி குறைந்து கருத்துப் போனால் உள்ளே ஒன்றும் போகவில்லை என்று அர்த்தம்.

மருத்துவருக்குப் போன் செய்தேன். சொன்னதும் அவர் முதலில் சொன்ன வார்த்தை, "உடனே விதையை வைங்க." அப்புறம் திட்டினார், நியாயமான திட்டு. கொழுத்த பறவையைத் திடீரென்று பட்டினி போட்டால் உடம்பில் இருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்த் தங்கும், ஏற்கெனவே கொழுப்பேறிய கல்லீரல் அதைத் தாங்காது. 'பசிச்சா தானா தின்னும்' என்பது இங்கே செல்லாது. விதையே உலகம் என்று வளர்ந்த கிளிக்கு கேரட் என்பது உணவு அல்ல, கூண்டுக்குள் வந்த ஆரஞ்சு நிறப் பொருள், அவ்வளவுதான். பசியில் நாம் நாற்காலியைத் தின்போமா?

அதனால் கேரட் சாப்பிடும் பொருள்தான் என்று அவனை நம்பவைப்பதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினேன்.

விதையை நாள் முழுக்க கிண்ணத்தில் விடுவதை மட்டும் முதலில் நிறுத்தினேன். வழக்கமாகத் தின்னும் அளவையே காலை, மாலை என்று இரண்டு வேளையாகப் பிரித்தேன், அளவு குறையவில்லை, நேரம் மட்டும் கட்டுப்பட்டது. கலவையையும் மாற்றி, சூரியகாந்தி இல்லாமல் தினை, கேனரி விதை மாதிரி கொழுப்பு குறைந்த சிறு விதைகளாக வாங்கினேன். சூரியகாந்தி கையால் கொடுக்கும் பரிசாக மட்டும், நாளுக்கு மூன்று நாலு. விடிந்ததும் பசி நன்றாக இருக்கும் அல்லவா, அந்த முதல் ஒரு மணி நேரத்துக்குக் காய்கறித் தட்டு, அதன் பிறகு விதை. இரண்டாவது வாரம் எடை 108இல் நின்றது. காய்கறி ஒரு துணுக்கும் உள்ளே போகவில்லை, தட்டின் பக்கத்தில் நான்தான் இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருந்தேன்.

திருப்பம் வந்தது மூன்று விஷயங்களால். காக்டீல் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிப் பறவை, தரையில் நடந்து நடந்து புல்விதை பொறுக்கித் தின்னும் சாதி. நானோ காய்கறியைக் கிளிப்பு மாட்டிக் கூண்டின் உச்சியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். அவனை வெளியே விட்டு, தரையில் ஒரு தட்டையான பெரிய தட்டில், கேரட்டை மெல்லிய துருவலாக்கி, மேலே இரண்டு சிட்டிகை தினையைத் தூவினேன். தினையைப் பொறுக்கும்போது அலகில் கேரட் ஒட்டியது. உதறினான், மறுபடி ஒட்டியது, மறுபடி உதறினான். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ உதறவில்லை, நாக்கை இரண்டு தரம் அசைத்துவிட்டு நின்று யோசித்தான். எனக்கு மூச்சே நின்றது. துண்டு போட்டால் பயந்தவன் துருவலுக்குப் பயப்படவில்லை, அது விதை அளவில் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். கிளிகளுக்குச் சுவை மொட்டுகள் சில நூறுதான், நமக்குப் பல ஆயிரம். பல்லில்லாத அந்த வாய்க்கு வடிவமும் பதமும்தான் முதலில் பேசும்.

இன்னொன்று தற்செயல். கொத்தமல்லிக் கட்டைக் கழுவி ஈரத்தோடு சமையல் மேடையில் வைத்திருந்தேன், பறந்து வந்து அதற்குள் விழுந்து புரண்டு குளிக்க ஆரம்பித்துவிட்டான். சிறகை விரித்து, வயிற்றை இலையில் தேய்த்து, ஒரே ரகளை. குளித்து முடித்ததும் ஒரு இலைநுனியைக் கடித்தான். அடுத்த நாளிலிருந்து ஈரக் கீரைக் கொத்தை அவனுக்குக் குளிக்கும் இடமாக ஆக்கினேன். குளிக்க வருவான், கடித்துவிட்டுப் போவான். மூன்றாவது வாரக் கடைசியில் எச்சத்தில் நல்ல பச்சை தெரிந்தது, இந்த முறை பட்டினிப் பச்சை அல்ல, கீரைப் பச்சை. அளவும் பெரிதாக, நீரும் கொஞ்சம் கூடுதலாக. காய்கறி தின்ன ஆரம்பித்தால் அப்படித்தான் இருக்கும், வயிற்றுப்போக்கு என்று பயப்பட வேண்டாம்.

மூன்றாவதாக ஒன்று, ஆள் முன்னால் சாப்பிடுவது. கிளி கூட்டத்தோடு தின்னும் பறவை, நாம்தான் அதன் கூட்டம். நான் பச்சைக் குடைமிளகாயை அவனுக்குக் காட்டி, ரசித்து, சத்தம் போட்டுக் கடித்துத் தின்பேன், அவனுக்குக் கொடுக்கமாட்டேன். எட்டிப் பறிக்க வந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். பறித்தது என்றால் மதிப்பே தனி. ஒரு எச்சரிக்கை: நம் வாயில் கடித்த பகுதியைக் கொடுக்கக் கூடாது, நம் எச்சிலில் இருக்கும் கிருமிகள் பறவைக்கு ஆகாது. தனித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது வாரத்திலிருந்து வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக நறுக்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். கேரட், ஆரஞ்சுப் பூசணி, சிவப்புக் குடைமிளகாய், ப்ரோக்கோலி, பீன்ஸ், இரண்டு வகைக் கரும்பச்சைக் கீரை. ஆரஞ்சும் கரும்பச்சையும் இருக்கவேண்டும் என்பதுதான் கணக்கு, ஏனென்றால் அந்த நிறங்களில் இருக்கும் பீட்டா கரோட்டினைத்தான் உடம்பு வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். வெள்ளரியும் லெட்டூஸும் தண்ணீர், கெடுதல் இல்லை, ஆனால் தட்டை நிரப்ப அதுவே போதும் என்று நினைத்துவிடக்கூடாது. பசலைக்கீரையைத் தினமும் போடுவதில்லை, அதில் ஆக்ஸலேட் அதிகம், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பழம் கடைசியில், விரல் நுனி அளவு.

முதல் தவணையை மிக்சியில் ஓட்டி ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தேன். உருகியதும் சொதசொதவென்று தண்ணீரில் மிதந்தது, அவன் காலை வைத்துவிட்டு உதறிக்கொண்டு ஓடினான். இரண்டாவது தவணையில் கழுவிய காயைத் துணியில் விரித்து நன்றாக ஈரம் போக உலர்த்தி, கத்தியால் விதை அளவுக்கு நறுக்கி, வேகவைத்து ஆறவைத்த தினையையும் உலர்ந்த ஓட்ஸையும் கலந்தேன், அவை நீரை இழுத்துக்கொண்டன. ஒரு கட்டி ஒரு வேளைக்கு. முந்தின இரவு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் தயார். தட்டில் வைத்து இரண்டு மணி நேரம், வெயில் காலத்தில் இன்னும் குறைவு, அப்புறம் மிச்சம் குப்பைக்குத்தான். ஈரத் தீனி கெட்டுப்போனது நமக்கு மணப்பதற்கு முன்பே பறவையின் வயிற்றைக் கெடுக்கும்.

முளைவிட்ட பயறு அவனுக்கு இப்போது உயிர். அதிலும் ஒரு தவணையைத் தூக்கி எறிய நேர்ந்தது, ராத்திரி அலச மறந்தேன், காலையில் புளித்த வாடை. ஒருநாளைக்கு மூன்று முறையாவது நல்ல தண்ணீரில் அலசி வடியவைக்கவேண்டும், வால் லேசாக எட்டிப் பார்த்ததும் கொடுத்துவிடவேண்டும். பயறு சரி, ஆனால் காய்ந்த ராஜ்மா மாதிரிப் பெரிய பீன்ஸ் வகைகளை முளைகட்டியோ பச்சையாகவோ கொடுக்கக் கூடாது, அவற்றில் இருக்கும் லெக்டின் நஞ்சு ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால்தான் அழியும்.

பெல்லட் தனிக் கதை. முதலில் வாங்கியது குஞ்சு பொரிக்கும் ஜோடிகளுக்கானது, புரதம் அதிகம், நான் பையைச் சரியாகப் படிக்கவில்லை. 1980களில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் காக்டீல் குஞ்சுகளை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள், வளரும் குஞ்சுக்கு 20 சதவீதம் புரதம் சரியாக இருந்தது. மிளகு குஞ்சும் இல்லை, அப்பாவாகப் போவதும் இல்லை. வளர்ந்த பறவைக்கான, நிறம் போடாத, மிகச் சின்ன அளவுப் பெல்லட்டுக்கு மாறினேன். நிறம் போட்டதைத் தின்றால் எச்சமும் சிவப்பு, நீலம் என்று வரும், உடம்பு நோவை எச்சத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி அடைபட்டுப்போகும்.

பெல்லட்டை அம்மியில் நுணுக்குவது போல நுணுக்கி, விதையை ஒரு சொட்டுத் தண்ணீரில் லேசாக ஈரமாக்கி, அந்தப் பொடியில் புரட்டிக் கொடுத்தேன். விதையை உரிக்கும்போது நாக்கில் பொடி படும், ருசி பழகும். பத்து நாள் கழித்துப் பொடியோடு நொய் அளவு, அப்புறம் முழு உருண்டை. ஒவ்வொரு பத்து நாளுக்கும் விதையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் குறைத்தேன், எடை மூன்று நாள் தொடர்ந்து இறங்கினால் அந்தப் பத்து நாளை இன்னும் ஒரு வாரம் நீட்டினேன். பெல்லட்டில் ஏமாந்துபோகாதீர்கள், கடித்துப் பொடியாக்கிக் கீழே உதிர்ப்பதும் கிண்ணத்தைக் காலியாக்கும். கிண்ணத்தின் அடியில் ஒரு வெள்ளைக் காகிதம் விரித்து உதிர்ந்ததையும் எடை போட்டுப் பாருங்கள். நான் முதலில் கணக்குப் போட்டபோது வைத்த 5 கிராமில் 4 கிராம் காகிதத்தில் கிடந்தது.

ஆசையில் வாங்கிய இரண்டு பொருட்கள் அலமாரியில் தூங்குகின்றன. ஒன்று தண்ணீரில் விடும் வைட்டமின் சொட்டு. தண்ணீரின் ருசி மாறியதும் அவன் குடிப்பதைக் குறைத்தான், மாலைக்குள் கிண்ணத்தின் ஓரம் வழவழப்பாகிவிட்டது, கிருமிக்கும் வைட்டமின் பிடிக்கும் போல. பெல்லட் தின்னும் பறவைக்கு மேலே சொட்டும் கொடுத்தால் வைட்டமின் ஏவும் டி3யும் அளவுக்கு மிஞ்சி, அதுவே நஞ்சாகும். மற்றது மணல் போன்ற கற்பொடி. விதையைத் தோலோடு விழுங்கும் புறாவுக்கு அது தேவை, உரித்துத் தின்னும் கிளிக்குத் தேவையில்லை, அதிகம் தின்றால் அடைத்துக்கொள்ளும். கணவாய் ஓடு மட்டும் கூண்டில் எப்போதும் இருக்கிறது, கால்சியத்துக்கு. அந்தக் கால்சியம் உடம்பில் சேர டி3 வேண்டும், வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோலில் பட்டு அது உண்டாகும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், அதனால் கண்ணாடிக்குப் பின்னால் கூண்டை வைத்துவிட்டு வெயில் காட்டியாயிற்று என்று நினைத்தால் கணக்குத் தப்பு. நான் காலையில் கூண்டோடு வெளியே, பாதி நிழல் இருக்கும்படி, கால் மணி நேரம் கூடவே நின்று காட்டுகிறேன்.

ஒன்பதாவது வாரத்தில் ஒரு பயம். வீட்டுக்கு வந்த விருந்தாளி வெண்ணெய்ப்பழம், அதாவது அவகாடோ, தடவிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு "இந்தா கண்ணு" என்று மிளகுக்கு நீட்டிவிட்டார். நான் போட்ட கூச்சலில் ரொட்டியும் விழுந்தது, மிளகும் பறந்தான். நமக்கு எவ்வளவு நல்லதோ அவ்வளவு கெட்டது அவனுக்கு, அதில் இருக்கும் பெர்சின் பறவையின் இதயத்தையே தாக்கும். அன்றே ஒரு தாளில் எழுதிக் கூண்டின் மேல் ஒட்டினேன். அவகாடோ கூடாது. சாக்லேட், காபி, தேநீர் கூடாது, சாக்லேட்டின் தியோப்ரோமினும் மற்றதன் காஃபீனும் சின்ன இதயத்தைப் படபடக்கவைக்கும். வெங்காயம், பூண்டு கூடாது, சிவப்பணுக்களை உடைக்கும். மது, உப்புத் தூவிய நொறுக்கு, செயற்கை இனிப்பு போட்ட எதுவும் கூடாது. ஆப்பிள் கொடுக்கலாம், விதையை எடுத்துவிட்டு. பீச், செர்ரி கொட்டையும் அப்படியே, உடைத்தால் சயனைடு வரும். வேர்க்கடலையில் பூஞ்சை நஞ்சு ஏறியிருக்கலாம், நான் கொடுப்பதே இல்லை. பால் செரிக்காது. இதையெல்லாம் வீட்டில் உள்ளவர்களுக்குக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன், விருந்தாளிக்குச் சொல்லத்தான் மறந்திருந்தேன்.

சாப்பாட்டில் சேராத ஆனால் சமையலறையில் இருக்கும் ஒன்றும் அதே தாளில் இருக்கிறது: நான்ஸ்டிக் பாத்திரம். பூச்சு அதிகச் சூடேறினால் வரும் புகை நமக்குத் தெரியவே தெரியாது, பறவை நிமிடங்களில் செத்துவிடும். எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பாத்திரமே இல்லை.

ஒரு வேடிக்கை. காய்ந்த மிளகாயை விதையோடு கடக்கடக்கென்று தின்கிறான், மூக்கில் நீர்கூட வரவில்லை. மிளகாயின் காரத்தை உணரும் அமைப்பு பறவைகளுக்கு நம்மைப்போல் வேலை செய்யாது. செடிக்கும் அதுதான் வசதி, எலி மென்று நாசமாக்கும் விதையைப் பறவை முழுசாகக் கொண்டுபோய்த் தூரத்தில் போடும். மிளகாய் தின்ற அலகோடு வந்து என் உதட்டைக் கொஞ்சினான் என்பது வேறு விஷயம்.

பத்தாவது வாரத்தில் தின்பதற்கு அவனை வேலை செய்யவைத்தேன். காட்டில் ஒரு நாளின் பெரும்பகுதி தீனி தேடுவதிலேயே போகும், கூண்டில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, மிச்ச நேரத்துக்குக் கத்துவதும் சிறகைப் பிடுங்குவதும்தான். அச்சில்லாத காகிதத்தைக் கசக்கி உருண்டையாக்கி உள்ளே நாலு பெல்லட், ஒரு தாம்பாளம் நிறைய அந்த உருண்டைகள். முதல் நாள் எதையும் பிரிக்கவில்லை, நான் ஒன்றை அவன் முன்னால் பிரித்துக்காட்டினேன். இப்போது தாம்பாளத்தைப் பார்த்தாலே தரையில் இறங்கி ஓடிவருகிறான்.

உங்களிடம் வேறு இனம் இருந்தால் இந்த அளவுகளை அப்படியே எடுக்காதீர்கள். லோரி தேனும் மகரந்தமும் தின்னும் பறவை, அதற்கு விதையே அன்னியம். எக்லெக்டஸ் கிளிக்குக் காய்கறி மிக அதிகம் வேண்டும். பெரிய மக்காவ் கொட்டைகளில் இருக்கும் கொழுப்பைத் தாங்கும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்குக் கால்சியம் குறைந்தால் வலிப்பே வந்துவிடும். பெண் காக்டீல் என்றால், சூடான மென்மையான தீனியும் கொழுத்த சாப்பாடும் அடிக்கடி கொடுத்தால் ஆண் துணையே இல்லாமல் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும், அதுவே அவளைச் சுரண்டிவிடும்.

பதினான்காவது வாரத்தில் மறுபடி மருத்துவரிடம் போனோம். 99 கிராம். நெஞ்செலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. மேலண்ணத்தைப் பார்த்து, "முளைக்குது" என்றார், அந்த முள்முனைகளைத்தான். தும்மல் ஏழாவது வாரத்திலேயே நின்றிருந்தது. பழைய சிறகு உதிர்ந்து புதிதாக வருபவற்றில் சாம்பல் நிறம் இன்னும் ஆழமாக இருக்கிறது. அவன் இப்போது தின்பதில் ஏறக்குறைய பாதி பெல்லட், மூன்றில் ஒரு பங்கு காய்கறியும் முளைப்பயறும், மீதி விதை. விதையை முழுக்க நிறுத்தும் எண்ணம் எனக்கும் இல்லை, மருத்துவருக்கும் இல்லை, புல்விதை தின்று வாழ்ந்த இனம் அது. தினைப்புனத்தில் கிளியோட்டிய பாட்டுகளைப் படித்தவர்களுக்குத் தினையை மொத்தமாகப் பிடுங்க மனசு வருமா?

இன்று காலை 98. கேரட்டைத் தட்டிலிருந்து தானே எடுத்தான், ப்ரோக்கோலியின் பூவை மட்டும் கடித்துத் தண்டை என் பக்கம் தள்ளினான். ஒன்பது விதமாகச் செய்து பார்த்துவிட்ட சர்க்கரைவள்ளி மட்டும் வழக்கம்போல் தரையில் கிடக்கிறது, நாளைக்கு அவித்து மசித்துத் தினையில் உருட்டிப் பார்க்கவேண்டும்.